உங்களுக்குத் தெரியுமா? சிவகங்கைச் சீமையின் தேர்தல் துணுக்குகள்

கவிஞர் தோற்ற தொகுதி

தி.மு.க. முதன்முதலாகத் தேர்தல் களத்தில் இறங்கியது 1957-இல். 15 பேர் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். போக முடியாதவர்களில் ஒருவர் கவிஞர் கண்ணதாசன். சிறுகூடல்பட்டிக்காரரான அவர், சொந்தச் சீமையிலேயே திருக்கோஷ்டியூர் தொகுதியில் நின்றார். ராமானுஜர் கோபுரத்தில் ஏறி நின்று மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்ன தலம் அது. ஆனால் கவிஞரின் மேடைத் தமிழுக்குக் கூடிய கூட்டம் ஓட்டாக மாறவில்லை.

அடுத்து வந்த 1962 தேர்தலில் அதே தொகுதியை தி.மு.க.வுக்குப் பிடித்துத் தந்தவர் செ.மாதவன். 1967-இல் அண்ணா அமைச்சரவையில் அவர் சட்ட அமைச்சர். கண்ணதாசனோ 1961-லேயே ஈ.வெ.கி.சம்பத்தோடு வெளியேறி, தமிழ்த் தேசியக் கட்சியில் இருந்தார். அந்தக் கட்சி 1962-இல் போட்டியிட்டுப் பார்த்தது, எங்கும் தேறவில்லை. 1964-இல் காங்கிரசில் கரைந்தது. இந்தச் சீமைக்காரர்கள் தனிக்கட்சி கண்ட கதைக்கு இதுதான் பிள்ளையார் சுழி. மற்றவை கீழே வருகின்றன.

நட்சத்திரச் சின்னத்தில் கம்பன் அடிப்பொடி

காரைக்குடிக் கம்பன் கழகத்தை 1939-இல் தொடங்கிய சா.கணேசன், 1962-இல் காரைக்குடியின் சட்டமன்ற உறுப்பினர். நின்றது காங்கிரசில் அல்ல, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில். மாநிலம் முழுவதும் அந்தக் கட்சி அந்த முறை வென்றதே 6 இடங்கள்தாம். அவற்றுள் காரைக்குடியும் ஒன்று. வியாபாரத்தில் அரசின் கெடுபிடி கூடாது என்று பேசிய கட்சிக்கு நகரத்தார் ஊர் ஆதரவு கொடுத்ததில் ஆச்சரியம் என்ன?

சைக்கிளில் போன பட்ஜெட்

1996-இல் நரசிம்ம ராவின் காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று அறிவித்ததும், ஜி.கே.மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். சின்னம் சைக்கிள். தி.மு.க.வோடு சேர்ந்து நின்று 39 சட்டமன்றத் தொகுதிகளையும் 20 மக்களவைத் தொகுதிகளையும் அள்ளியது. சிவகங்கையில் வென்ற ப.சிதம்பரம் மத்திய நிதியமைச்சர் ஆனார். ஆக, பிறந்து சில மாதமே ஆன ஒரு மாநிலக் கட்சியின் உறுப்பினர் இந்தியாவின் பட்ஜெட்டை வாசித்தார். கண்டனூர்க்காரர்களுக்கு இன்றைக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

இதன் மறுபாதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1999-இல் த.மா.கா. தி.மு.க.வையும் அ.தி.மு.க.வையும் விட்டு விலகி நின்றது. சிவகங்கையில் காங்கிரசின் சுதர்சன நாச்சியப்பன் முதலிடம், பா.ஜ.க.வின் எச்.ராஜா இரண்டாமிடம், சிதம்பரம் மூன்றாமிடம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அள்ளிக் கொடுத்த அதே ஓட்டர்கள்தான்.

2001-இல் த.மா.கா. ஜெயலலிதாவோடு கைகோத்தபோது சிதம்பரம் வெளியேறி, காங்கிரஸ் ஜனநாயகப் பேரவை என்று தனியாகக் கண்டார். அதுவும் நிலைக்கவில்லை. 2004-இல் அவர் கைச் சின்னத்தில் நின்று வென்றார், பேரவை காங்கிரசில் ஐக்கியமானது.

இரண்டு ஸ்தாபகர்கள், 3,354 ஓட்டு

அதே காலத்தில், அதே மாவட்டத்தில் இன்னொருவரும் கட்சி கண்டார். 1991-இல் திருப்பத்தூரில் வென்று ஜெயலலிதாவின் முதல் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையைக் கையில் வைத்திருந்த எஸ்.கண்ணப்பன், பின்னாளில் ராஜகண்ணப்பன். அவர் தொடங்கியது மக்கள் தமிழ் தேசம். 2001 தேர்தலில் சிதம்பரத்தின் பேரவையும் கண்ணப்பனின் கட்சியும் ஒரே தி.மு.க. அணியில்தான் இருந்தன.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கண்ணப்பன் தி.மு.க.வுக்கே போய் 2006-இல் இளையான்குடியில் வென்றார். 2009-இல் அந்தப் பதவியை உதறிவிட்டு அ.தி.மு.க.வுக்குத் திரும்பி, மக்களவைத் தேர்தலில் சிவகங்கைக்கு வந்தார். எதிரில் சிதம்பரம். தனித்தனியே கட்சி நடத்தி, தனித்தனியே அதைக் கரைத்த இருவர் நேருக்கு நேர்! வாக்கு எண்ணிக்கை அன்று கண்ணப்பன் வென்றுவிட்டதாகச் செய்தி பரவி, சில இடங்களில் வெடிகூடப் போட்டுவிட்டார்கள். இறுதியில் 3,354 ஓட்டு வித்தியாசத்தில் சிதம்பரம் வென்றதாக அறிவிப்பு. கண்ணப்பன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். டீக்கடையில் அந்த எண்ணிக்கையைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

கண்ணப்பன் 2021-இல் முதுகுளத்தூரில் வென்றார். எந்தச் சின்னத்தில் என்கிறீர்களா? உதயசூரியன்.

காணாமல் போன இளையான்குடி

கண்ணப்பன் காலி செய்த இளையான்குடிக்கு 2009 ஆகஸ்டில் இடைத்தேர்தல் வந்தது. அ.தி.மு.க. புறக்கணித்தது. தி.மு.க.வின் சுப.மதியரசன் வென்றார். அந்தத் தொகுதியின் கடைசி எம்.எல்.ஏ. அவர்தான். தொகுதி மறுவரையறையில் இளையான்குடி என்ற பெயரே பட்டியலிலிருந்து போய்விட்டது. இன்று மாவட்டத்தில் நான்கே தொகுதிகள்: காரைக்குடி (184), திருப்பத்தூர் (185), சிவகங்கை (186), மானாமதுரை (187, தனி).

அரணையூரிலிருந்து

நாம் தமிழர் கட்சியின் சீமானுக்குச் சொந்த ஊர் இளையான்குடி பக்கம் அரணையூர். 2016-இல் அவர் கடலூரில் நின்றார், 2021-இல் திருவொற்றியூரில் நின்றார். இரண்டு முறையும் தோல்வி. பிறந்த சீமை வேண்டாம் என்று ஒதுக்கினாரோ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: பழைய இளையான்குடிப் பகுதி இப்போது மானாமதுரை தனித் தொகுதிக்குள் இருக்கிறது.

இந்தக் கட்சி பட்ட சின்னப்பாடு தனிக்கதை. 2016-இல் இரட்டை மெழுகுவர்த்தி. 2019-லும் 2021-லும் கரும்பு விவசாயி. 2024-இல் அந்தச் சின்னம் வேறொரு கட்சிக்குப் போய்விட, கையில் கிடைத்தது மைக். சுவரில் எழுதிய கரும்பை வெள்ளையடித்து அழித்து, அதன்மேல் மைக் வரைந்த தம்பிகளின் உழைப்பை இந்தப் பக்கத்துச் சுவர்களில் கண்ணால் பார்க்க முடிந்தது. வெள்ளைக்கு அடியில் கரும்புத் தோகை லேசாகத் தெரியும். அப்படியும் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் கட்சியின் பெண் வேட்பாளர் வாங்கிய ஓட்டு 1 லட்சத்து 63 ஆயிரத்துக்கு மேல். மாநில அளவில் 8 சதவீதத்தைத் தாண்டியதால் அங்கீகாரமும் கிடைத்தது.

2021 சட்டமன்றத் தேர்தலில் 117 பெண்கள், 117 ஆண்கள் என்று 234 தொகுதியிலும் இக்கட்சி ஆள் நிறுத்தியதைப் பலரும் அறிவார்கள். பெரிய கட்சிகள் அந்தக் கணக்கைப் பார்த்து வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அரிவாள் மாறவில்லை, அணிதான் மாறியது

சிவகங்கையில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ்.குணசேகரன் 2006-லும் 2011-லும் அடுத்தடுத்து வென்றார். அதே ஆள், அதே கதிர் அரிவாள். முதல் முறை தி.மு.க. கூட்டணி, அடுத்த முறை அ.தி.மு.க. கூட்டணி. 2021-இல் மீண்டும் தி.மு.க. அணியில் நின்றபோது அ.தி.மு.க.வின் பி.ஆர்.செந்தில்நாதனிடம் தோற்றார். இந்த செந்தில்நாதன் 2014-இல் சிவகங்கை எம்.பி. ஆனவர். அந்தத் தேர்தலில் கார்த்தி சிதம்பரம் நான்காமிடம்.

காரைக்குடியில் தாமரை

எச்.ராஜா 2001-இல் காரைக்குடி எம்.எல்.ஏ. ஆனது தி.மு.க. கூட்டணியில். அப்போது சூரியனுக்கு ஓட்டுக் கேட்டவர்களே தாமரைக்கும் கேட்டார்கள். 20 ஆண்டு கழித்து 2021-இல் அவர் தோற்றது தி.மு.க. கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் மாங்குடியிடம்.

இதே தொகுதியில் 1989-இல் வென்றவர் இயக்குநர் இராம.நாராயணன். யானையையும் பாம்பையும் குரங்கையும் நடிக்க வைத்தவருக்குச் சட்டமன்றம் ஒரு பொருட்டா என்று அப்போதே கிண்டல் உண்டு.

எந்தத் திருப்பத்தூர்?

தமிழ்நாட்டில் இரண்டு திருப்பத்தூர் தொகுதிகள். ஒன்று வடக்கே, எண் 50. மற்றொன்று மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-இல் தூக்கிலிட்ட நம் திருப்பத்தூர், எண் 185. வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சியின் அடிவரியில் 'திருப்பத்தூர்' என்று மட்டும் ஓடினால், உள்ளூர்க்காரர்கள் வேட்பாளர் பெயரைப் படிக்கும்வரை மூச்சு விடமாட்டார்கள். இத்தனைக்கும் இங்கே பெரிய திருப்பம் ஏதும் இருந்ததில்லை: 2006, 2011, 2016, 2021 என நான்கு முறையும் தி.மு.க.வின் கே.ஆர்.பெரியகருப்பன்தான்.

கடம், கீழடி, கண்மாய் மண்

மானாமதுரையில் 2016-இல் வென்ற அ.தி.மு.க.வின் மாரியப்பன் கென்னடி, டி.டி.வி.தினகரன் பக்கம் போய், 2017-இல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் ஒருவரானார். தொகுதிக்கு அடுத்த எம்.எல்.ஏ. கிடைத்தது 2019 இடைத்தேர்தலில்தான்.

இங்கே வரும் வேட்பாளர் எந்தக் கட்சியானாலும் குயவர் தெருவில் ஒரு கடத்தைக் கையில் வாங்கித் தட்டிப் பார்ப்பார், போட்டோ எடுப்பார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் 2023-இல் வந்தாயிற்று. சக்கரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது வேறு: கண்மாயில் மண் அள்ள இழுத்தடிக்காமல் அனுமதி வேண்டும். சரியான களிமண் கிடைக்காவிட்டால் கடத்தில் நாதம் எங்கிருந்து வரும்?

கீழடியும் இந்தத் தொகுதியில்தான். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தபின் அது எல்லாக் கட்சி மேடையிலும் ஏறிவிட்டது. பேருந்து வசதி மட்டும் அவ்வளவு வேகமாக ஏறவில்லை என்று திருப்புவனத்துப் பெண்கள் சொல்வார்கள்.

தலைநகர் அங்கே, எண்ணிக்கை இங்கே

மாவட்டத் தலைநகர் சிவகங்கை. ஆனால் ஓட்டு எண்ணுவது காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில். காரைக்குடியைத் தலைநகராக்கித் தனி மாவட்டம் கேட்பவர்கள் இதையும் ஒரு காரணமாக அடுக்குவார்கள்.

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் போன்ற ஊர்களை அதோடு சேர்த்தபோது, 'மாநகரம்' என்ற சொல்லுக்கு மயங்காமல் மக்கள் இரண்டே கேள்வி கேட்டார்கள். வீட்டு வரி எவ்வளவு ஏறும்? நூறு நாள் வேலை என்ன ஆகும்?

செட்டிநாட்டில் ஓட்டுக் கேட்பது கொஞ்சம் கஷ்டமான வேலை. தெருவின் இந்த முனையில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் போய் முடியும். முன்வாசலில் பூட்டு, பின்கட்டில் வாட்ச்மேன். ஆச்சிமார் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. பூத் சிலிப் கொண்டுவருகிறவர் அதைத் தேக்குக் கதவின் இடுக்கில் செருகிவிட்டுப் போக, அடுத்த கலியாணத்துக்கு வீடு திறக்கும்போதுதான் அது கீழே விழும்.

ஓடாத விமானம், வராத தண்ணீர்

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை உயிர்ப்பிக்கும் வாக்குறுதி தேர்தல்தோறும் தரையிறங்கும்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21-இல் அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாயனூரிலிருந்து வரவேண்டிய கால்வாய். அந்த ஆண்டு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 6-ஆம் தேதி என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பெரியாற்றுத் தண்ணீர் சங்கதி இன்னும் பழையது. ஷீல்டு, லெசிஸ், 48-வது மடை, கட்டாணிப்பட்டி ஒன்று, இரண்டு என்று ஐந்து கால்வாய்கள் சிவகங்கைப் பகுதிக்கு வருகின்றன. மேலூர் வரை தாராளமாக ஓடும் தண்ணீர் இங்கே எட்டுவதற்குள், நாற்று முற்றிவிடுகிறது என்பது விவசாயிகளின் மனு. குறைதீர் கூட்டத்தில் ஒவ்வொரு போகத்துக்கும் அதே மனு போகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்த ஐந்து பெயரையும் சொல்லச் சொல்லிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் சொல்பவர் உள்ளூர்க்காரர்.