காற்றுக்கு ஓர் அணை!

அணை என்றால் தஞ்சைச் சீமையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கல்லணை இருக்கிறது. மேட்டூர் அணை இருக்கிறது. ஆற்று நீரை மறிப்பது அணை.

காற்றை மறிக்கிற அணை உண்டா?

உண்டு! அது ஆற்றில் இல்லை. மோட்டார் வண்டியில் இருக்கிறது. பாரம் ஏற்றுகிற 'பிக்கப்' வண்டிகள் சிலவற்றில், முன் பம்பருக்கும் கீழே கறுப்பு நிறத்தில் ஒரு பட்டை தொங்கும். பிளாஸ்டிக்கினாலோ ரப்பரினாலோ செய்திருப்பார்கள். அதன் பெயரே 'ஏர் டேம்'. அதாவது, காற்று அணை.

அந்தப் பட்டையைக் கழற்றலாமா, கூடாதா? இதைப் பற்றி ஒரு வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. தகப்பனார் ஒரு பக்கம். மகன் ஒரு பக்கம். நடுவில் ஒரு வயதான மெக்கானிக். அந்தக் கதையைக் கேளுங்கள்.

அடகு நகையில் வந்த வண்டி

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பம். சொந்த நிலம் கொஞ்சம்தான். அதனால் தவணைக் கடனில் ஒரு பிக்கப் வண்டி வாங்கினார்கள். முன்பணத்துக்கு வீட்டு அம்மாளின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

"பெட்டியில் தூங்குகிற நகையைவிட, ரோட்டில் ஓடுகிற வண்டி மேல்" என்றார் அந்த அம்மாள்.

தை மாதம் வந்தது. சம்பா அறுவடை. களத்தில் நெல் மலை மலையாகக் கிடந்தது. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே 40 கிலோ மூட்டைக் கணக்கு. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. மழைக் காலத்தில் அரசு சில சமயம் அதைத் தளர்த்துவது உண்டு. ஆனால் அதை நம்பி நெல்லை நனைய விடலாமா? ஒரு மழை பெய்தால் போயிற்று! ஆகவே வண்டிக்கு ஓய்வே இல்லை.

ஆற்றங்கரைச் சாலை உயரம். களம் பள்ளம். வண்டி கரையிலிருந்து இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'கர்ர்ர்' என்று தரையில் உரசும். ஒரு நாள் வாய்க்கால் மதகின் விளிம்பில் இடித்தது. பட்டை பாதி பிய்ந்து தொங்கிவிட்டது.

"அப்பா! இதைப் பிடுங்கி எறிந்துவிடலாம். சனியன் விட்டது!" என்றான் மகன்.

"டேய்! வண்டி செய்தவன் காரணம் இல்லாமலா வைத்திருப்பான்? ஒட்டவைத்து ஓட்டுவோம்" என்றார் தகப்பனார்.

வண்டி பட்டறைக்குப் போயிற்று. மெக்கானிக் குனிந்து பார்த்தார். சிரித்தார்.

"அண்ணே, நீங்க சொல்றதும் சரி. தம்பி சொல்றதும் சரி. எங்கே ஓட்டப் போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்லே!" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்?

கல்லணை மாதிரி!

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நீரைத் தேக்கி வைக்கிறது. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை அப்படி அல்ல. அது நீரைத் திருப்பி விடுகிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்கு வழியில் அனுப்புகிறது.

வண்டியில் உள்ள காற்று அணையும் கல்லணையின் ஜாதிதான். அது காற்றைத் தேக்குவதில்லை. திருப்பி விடுகிறது.

வண்டியின் மேல்பக்கம் வழவழப்பாக இருக்கிறது. அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். அச்சு, குழாய், சைலன்சர், இரும்புச் சட்டம் என்று ஒரே மேடு பள்ளம். வேகமாக ஓடும்போது காற்று அதற்குள் புகுந்து முட்டி மோதும். வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். எண்ணெய் வீணாகும். பட்டை இருந்தால் காற்றில் பெரும்பகுதி அடியில் புகாமல் மேலும் பக்கவாட்டிலும் போய்விடும்.

இன்னொரு வேலையும் உண்டு. பட்டைக்குப் பின்னால் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் முன் ஜன்னல் வழியாகப் புதுக் காற்று ரேடியேட்டருக்குள் நன்றாக இழுக்கப்படுகிறது. என்ஜின் குளிர்கிறது. பட்டையைக் கழற்றினால், சில வண்டிகள் பாரத்தோடு வேகமாகப் போகும்போது கூடுதலாகச் சூடாகக்கூடும்.

சைக்கிளில் போனவர்

காற்றின் பலத்தை லேசாக நினைக்காதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி.

அமெரிக்காவில் 'நாசா' என்ற விண்வெளி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே எட்வின் சால்ட்ஸ்மன் என்று ஒரு என்ஜினீயர். அவர் சைக்கிளில் வேலைக்குப் போவார். பக்கத்தில் பெரிய லாரி கடந்து போனால், காற்று அவரை முதலில் தள்ளும். பிறகு இழுக்கும். 'இத்தனை காற்றைத் தள்ள லாரி எத்தனை எண்ணெய் குடிக்கும்!' என்று அவர் யோசித்தார்.

1970-களில் பெட்ரோல் பஞ்சம் வந்தது. அந்த ஆண்டுகளில் அவரும் கூட்டாளிகளும் ஒரு வண்டிக்குப் பெட்டி போலத் தகடு அடித்து ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெட்டியின் கூரான மூலைகளை எல்லாம் உருட்டினார்கள். காற்றின் தடை 54 சதவீதம் குறைந்தது! மூலையை உருட்டியதற்கே இத்தனை பலன்.

வேகம்தான் கணக்கு

இங்கேதான் மெக்கானிக்கின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்றின் தடை நான்கு மடங்கு ஆகும். வேகம் மூன்று மடங்கு ஆனால் தடை ஒன்பது மடங்கு! 30 கிலோமீட்டர் வேகத்தில் வயல் வழியே போகிற வண்டிக்குக் காற்று ஒரு பொருட்டே அல்ல. அங்கே பட்டையால் லாபம் இல்லை. உரசல்தான் மிச்சம். அதே வண்டி தஞ்சாவூர்-திருச்சி நாற்கரச் சாலையில் 80, 90 என்று பறந்தால், பட்டை தன் சம்பளத்தைச் சம்பாதித்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தஞ்சையிலிருந்து சென்னைக்குச் சுமார் 350 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடினால் 25 லிட்டர் டீசல். பட்டை இல்லாமல் 13 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 27 லிட்டர் வேண்டும். போக வரக் கிட்டத்தட்ட 4 லிட்டர் நஷ்டம். எல்லா வண்டிக்கும் இத்தனை குறையும் என்று சொல்ல முடியாது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். டாங்கியை நிரப்பி ஓட்டுங்கள். அதே வழி, அதே பாரம், அதே வேகம். பட்டையோடு இரண்டு முறை. பட்டை இல்லாமல் இரண்டு முறை. உண்மை தெரிந்துவிடும்.

எப்படிக் கழற்றுவது?

கழற்றுவது என்று முடிவு செய்தால் அவசரம் வேண்டாம். மெக்கானிக் செய்து காட்டியது இதுதான்.

சமதரையில் வண்டியை நிறுத்தினார். கை பிரேக்கைப் போட்டார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். என்ஜின் ஆறும்வரை காத்திருந்தார்.

"தம்பி, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியிலே படுக்காதே. ஜாக்கி நழுவினா உயிர் போயிடும். கெட்டியான தாங்கி வை. இல்லேன்னா பட்டறைப் பள்ளத்திலே நிறுத்து" என்றார்.

சேற்று நீரில் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்த பிறகே திருகினார். பிளாஸ்டிக் கொக்கிகளின் நடுக் குமிழை முதலில் தூக்கினார்; பிறகு கொக்கியை இழுத்தார். முரட்டுத்தனமாக இழுத்தால் கொக்கியும் உடையும், பம்பரும் கிழியும்.

பட்டையை மட்டுமே கழற்றினார். என்ஜினுக்கு அடியில் உள்ள மூடியைத் தொடவில்லை. அது சேறும் கல்லும் படாமல் காப்பது. கடைசியாக, வேறு எதுவும் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்தார்.

மறக்கக் கூடாதவை

பாதி பிய்ந்த பட்டையோடு ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். அது சக்கரத்தில் சிக்கலாம். கழன்று பறந்து, பின்னால் வருகிறவர் மேல் விழலாம்.

கழற்றிய பிறகு சில நாள் சூட்டு முள்ளைக் கவனியுங்கள். முள் வழக்கத்துக்கு மேல் ஏறினால், பட்டையைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

நம் பக்கம் உளுந்துச் செடியையும் வைக்கோலையும் ரோட்டில் பரப்புகிறார்கள். அவை வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். முன்னால் மறைப்பு இல்லாதபோது இன்னும் கவனம் வேண்டும். நிறுத்தியவுடன் குனிந்து பாருங்கள்.

பட்டை இருந்த இடத்தில் இரும்புக் கம்பித் தடுப்பை மாட்டலாம் என்று சிலர் ஆசைப்படுவார்கள். வேண்டவே வேண்டாம்! குறுக்கே வருகிற மனிதருக்கு அது எமன். இத்தகைய தடுப்புகளின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரில் எழுதியது. வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்த 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆகவே எதையும் கழற்றுமுன், வண்டி விற்றவரிடமும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பரணில் ஏறிய அணை

கடைசியில் வீட்டில் என்ன முடிவு ஆயிற்று?

பிய்ந்த பட்டையை எறியவில்லை. மெக்கானிக் அதைத் தைத்துச் சரிசெய்து கொடுத்தார். அது பரணில் ஏறியது. திருகாணிகளை எல்லாம் அம்மாள் ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். அறுவடை முடிகிறவரை வண்டி களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் உரசாமல் ஓடியது. மழைக்கு முன்பே நெல் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஒரு நாள் சென்னைக்கு வாழைத்தார் ஏற்றும் சவாரி வந்தது. அன்று காலையில் பரணிலிருந்து பட்டையை இறக்கியது யார் தெரியுமா?

"பிடுங்கி எறிந்துவிடலாம்" என்று சொன்ன அதே மகன்தான்!

"அம்மா, அந்த ஊறுகாய் பாட்டில் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே அவன் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. திருப்புளியை எடுத்து நீட்டினார்.