அராவுகருவியின் அமைப்பு: துவைபலகை இசைக்கருவியான முறை

1. முன்னுரை

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்து, மிடற்றையும் உடன்சேர்த்து ஐந்தெனக் கொள்ளுதல் நம் இசைமரபு. ஒலி எதனிடத்துப் பிறக்கின்றது என்னும் வினாவிற்கு இப்பகுப்பு தக்க விடையாக அமைந்துள்ளது. ஆயின், ஒலி எச்செயலாற் பிறப்பிக்கப்படுகின்றது என்னும் வினா இதனின் வேறானது. மத்தளத்தைக் கொட்டுகின்றோம்; உறுமியை வளைகோலால் தேய்க்கின்றோம். செயல் வேறாயினும் இரண்டும் தோற்கருவியே. இவ்வாறு செயல்வேற்றுமையைக் கருதாது விடுவதால் இடர்ப்படும் கருவியினம் ஒன்றுண்டு. பல்வரிசை போன்ற மேடுபள்ளங்களின்மீது ஒரு கோலையோ கம்பியையோ ஓட்டி ஒலி எழுப்பும் கருவிகளே அவ்வினம். அவற்றுள் ஒன்றாகிய துவைபலகை, வீட்டுத் தட்டுமுட்டுப் பொருளாயிருந்து இசைக்கருவியாக வடிவமைக்கப்பட்ட முறையை ஆராய்ந்து, அவ்வழி இவ்வினத்திற்குத் தமிழில் எப்பெயர் பொருந்தும் என்பதைத் துணிதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தேய்த்தலும் அராவுதலும்

முதற்கண் இருவேறு செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். உறுமியின் தோலை வளைகோல் தேய்க்குங்கால், கோல் தோலைப் பற்றி இழுக்கின்றது, இழுவிசை மிகுந்தவழி வழுக்கி விடுகின்றது, மீண்டும் பற்றுகின்றது. இப்பற்றுதலும் வழுக்குதலும் இடையறாது நிகழ்வதால் தோல் அதிர்கின்றது. வில்லால் இசைக்கப்படும் வயலினின் நரம்பு அதிர்வதும் இம்முறையானேயாம். இது தேய்த்தல்.

பல்வரிசையின்மீது கம்பியை ஓட்டுதல் இதனின் வேறு. கம்பி ஒரு மேட்டினின்றும் நழுவி அடுத்த மேட்டின்மீது மோதுகின்றது. ஒவ்வொரு மோதலும் ஒரு தனி அடியே. அடிகள் நெருங்கித் தொடர்வதால் செவிக்கு ஒரே கரகரப்பாகக் கேட்கின்றது. எனவே இது தேய்த்தல் போலத் தோன்றினும் உண்மையிற் கொட்டுதலின் பாற்படும். 1914-ஆம் ஆண்டில் எரிக் வான் ஆர்ன்பாசுட்டல், குர்ட் சாக்சு என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட உலக இசைக்கருவிப் பகுப்பு இவ்வேறுபாட்டை நுட்பமாகக் கண்டது. தம் உடலே அதிர்ந்து ஒலிக்கும் கருவிகளுள், பல்வரிசையுடைய இவ்வினத்தை அவர்கள் தேய்ப்பனவற்றோடு சேர்க்காமல், அடிக்கப்படுவனவற்றுள் மறைமுகமாக அடிக்கப்படுவன என்னும் பிரிவில் வைத்தனர்.

இரும்பை அரத்தால் உராய்தலைத் தமிழில் அராவுதல் என்கிறோம். அரத்திற்குப் பல்வரிசை உண்டு. அராவும்போது எழும் ஒலியும் அப்பல்வரிசையாற் பிறப்பதே. ஆதலின் பற்றிவழுக்கும் செயலைத் தேய்த்தல் என்றும், பல்வரிசையில் மோதியோடும் செயலை அராவுதல் என்றும் இக்கட்டுரையில் வேறுபடுத்துவோம்.

3. அராவுகருவிகளின் தொன்மையும் துவைபலகையும்

இவ்வினம் மிகப் பழைமையானது. மெக்சிகோவின் அசுடெக்கு மக்கள் எலும்பில் வரிசையாகக் கீறல் வெட்டி, அதனைச் சுரண்டி ஒலி எழுப்பினர். கரிபியத் தீவுகளில் நீண்ட சுரைக்குடுவையின் புறத்தே இணைகோடுகள் கீறி, குச்சியால் அராவும் குய்ரோ இன்றும் வழங்குகின்றது. தொமினிக்கன் குடியரசில் அதன் இனமாகிய குய்ரா உலோகத்தகட்டாற் செய்யப்படுகின்றது. எலும்பு, சுரை, உலோகம் எனப் பொருள் மாறினும் செயல் மாறாமை ஈண்டுக் கருதத்தக்கது.

துவைபலகையோ இசைக்கெனப் பிறந்ததன்று. மரச்சட்டத்துள் நெளிவுகளையுடைய தகட்டைப் பொருத்தி, அதன்மீது துணியைத் தேய்த்து அழுக்ககற்றும் இல்லக்கருவி அது. தகடு பொருத்திய இத்தகைய பலகைக்கு 1833-ஆம் ஆண்டில் சுடீபன் ரசுட்டு என்பார் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். துத்தநாகம், பித்தளை, கண்ணாடி ஆகியனவும் தகட்டிற்குப் பயன்பட்டன. நம் நாட்டில் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தலே பெருவழக்காதலின் இப்பலகை இங்கு வேரூன்றவில்லை.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வறிய கருப்பின மக்கள் விலையுயர்ந்த முழவுகளை வாங்க இயலாத நிலையில், இல்லத்துள் இருந்த பலகையையும் கரண்டியையும் தாளத்திற்குக் கைக்கொண்டனர். லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சுமொழி பேசிய கருப்பின உழவர்களிடையே அக்கார்டியனும் துவைபலகையும் இணைந்து ஆடல்விழாக்களில் ஒலித்தன. அம்மாநிலத்து நியூ ஐபீரியா என்னும் ஊருக்கு அருகே கடையொன்றின் முன் அக்கார்டியனும் துவைபலகையும் இசைப்போரை இரசல் லீ 1938-இல் எடுத்த நிழற்படம், இவ்வழக்கிற்கு ஐயத்திற்கிடமற்ற சான்றாகும்.

4. போர்ட் ஆர்தரில் நிகழ்ந்த மாற்றம்

மரச்சட்டப் பலகைக்கு மூன்று குறைகள் இருந்தன. மடியில் வைத்தோ ஒரு கையாற் பிடித்தோ இசைத்தால் ஒரு கையே தாளத்திற்கு உதவும். கழுத்திற் கயிற்றால் தொங்கவிட்டால் இரு கையும் விடுபடும். ஆனால் ஆடுந்தோறும் பலகை ஊசலாடும். கயிறும் கழுத்தை அறுக்கும். மூன்றாவதாக, சட்டத்தின் அளவே தகட்டின் எல்லையாகையால் கை ஓடும் பரப்புக் குறுகியது.

இக்குறைகளைக் களைந்தவர் இருவர். ஒருவர் லூசியானாவின் ஓபிலூசசு ஊர்ப்பகுதியில் 1925-இல் பிறந்த அக்கார்டியன் கலைஞர் கிளிப்டன் செனியர். மற்றவர் வில்லி லேண்டிரி என்னும் உலோகத் தொழிலாளர். டெக்சாசு மாநிலத்துப் போர்ட் ஆர்தர் நகரின் எண்ணெய்த் தூய்விப்பு ஆலையில் இருவரும் பணியாற்றிய காலத்து, 1946-இல், செனியர் தாம் கருதிய வடிவைத் தரைமண்ணில் கோடிட்டுக் காட்டினார் என்றும், லேண்டிரி அதனைத் தகட்டிற் செய்துதந்தார் என்றும் கூறுவர். தோளில் மாட்டிக்கொள்ளும் ஒற்றை நெளிதகடே அவ்வடிவம். செனியரின் தமையனார் கிளீவ்லாந்து செனியர் (1921–1991) புட்டிமூடி திறக்கும் சிறு கருவிகளை இரு கையிலும் பற்றி அதனை இசைத்துப் பெரும்புகழ் பெற்றார். கிளிப்டன் செனியர் 1984-இல் அமெரிக்க நாட்டு மரபுக்கலைச் சிறப்பு பெற்று, 1987-இல் மறைந்தார். அவர் வளர்த்த இசை சைடிகோ எனப்படுகின்றது. அவரைவகையைக் குறிக்கும் 'லே சரிக்கோ' என்னும் பிரெஞ்சுத் தொடர் பேச்சு வழக்கில் திரிந்து அப்பெயராயிற்று என்பது பலர் கொள்கை. நம் இலக்கணத்தார் மரூஉ என்பது இதனையே.

5. வடிவமைப்பின் கூறுகள்

இக்கருவியின் எளிமை பார்ப்போரை ஏமாற்றுவது. நெளிதகடு ஒன்றை வளைத்து மாட்டிக்கொள்வதில் நுட்பம் யாதுளது என வினவுவார்க்கு, பின்வரும் நான்கு கூறுகளை விடையாகக் காட்டலாம்.

(அ) நெளிவின் இடையளவு. மேட்டிற்கு மேடு 1 செண்டிமீட்டர் இடைவெளி உளதெனக் கொள்வோம். கை நொடிக்கு 50 செண்டிமீட்டர் விரைவில் ஓடினால் நொடிக்கு 50 அடிகள் நிகழும். விரைவு இருமடங்கானால் 100 அடிகள் நிகழும். நொடிக்கு ஏறத்தாழ 20-க்குக் குறைந்த அடிகளைச் செவி தனித்தனியே உணரும். மிக்கவற்றை ஒன்றாக்கிக் கேட்கும். இடைவெளியை 2.5 மில்லிமீட்டராகச் சுருக்கினால் முன்னைய விரைவிலேயே 200 அடிகள் நிகழ்ந்து, கரகரப்புக் குறைந்து சுரம்போன்ற சீறல் மிகும். இடைவெளியை 3 செண்டிமீட்டராக்கினாலோ நொடிக்கு 17 அடிகளே நிகழ்ந்து, ஒலி துண்டுதுண்டாகும். தாளத்தின் அழுத்தம் காட்டுவதற்கு இவ்விரு எல்லைக்கும் இடைப்பட்ட அளவே ஏற்றது. இசைப்பவர் கையின் விரைவை ஒரு வீச்சினுள்ளேயே கூட்டிக் குறைப்பதால் அழுத்தம் பிறக்கின்றது.

(ஆ) நெளிவின் திசை. தாளில் மடிப்புகள் இட்டுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மடிப்பின் நீளவாட்டில் தாள் விறைத்து நிற்கும். குறுக்குவாட்டில் எளிதில் வளையும். மார்பின்மீது நெளிவுகள் கிடையாக அமையும்போது, தகடு இடவலமாகச் சுருளாது அகன்று நிற்கின்றது. மேல்கீழாகவோ தோளின்மேல் மடிந்து வளைய இடந்தருகின்றது. கைகளும் மேல்கீழாக ஓடுவதால் நெளிவுகளைக் குறுக்கே கடக்கின்றன. ஒலிக்கு வேண்டிய திசையும், உறுதிக்கு வேண்டிய திசையும், உடலுக்கு இசைந்த திசையும் ஒன்றாகவே அமைந்தமை இவ்வடிவின் தலையாய சிறப்பு.

(இ) பொருள். துத்தநாகம் மென்மையானது, இரும்புக்கம்பி இடையறாது மோதினால் மேடுகள் தேய்ந்து மழுங்கும். வெற்றிரும்புத் தகடு வியர்வையால் துருவேறும். துருப்பிடியா எஃகு இவ்விரண்டையும் தாங்கும். கூர்மையான ஒலியும் தரும். தகடு மிகத் தடித்தால் தோள் சுமக்காது; மிக மெலிந்தால் நெளிவு நசுங்கும். விளிம்பு மடிக்கப்படாவிடில் உடலைக் கீறும்.

(ஈ) உடலின் பங்கு. தொங்கவிட்ட தகட்டைத் தட்டினால் ஒலி நெடிது நிற்கும். மார்பில் படிந்த தகட்டிலோ தசையும் உடையும் அதிர்வை உண்டு ஒலியை விரைவில் அடக்குகின்றன. தாளக்கருவிக்கு இது குறையன்று. விரைந்த நடையில் ஓர் அடியின் எச்சம் அடுத்த அடியை மறைக்காதிருத்தற்கு இவ்வடக்கம் இன்றியமையாதது. இசைப்பவரின் உடல் கருவியைத் தாங்குவதோடு கருவியின் ஓர் உறுப்பாகவும் நிற்கின்றது எனலாம். தகடு தோள்களில் ஊன்றியிருப்பதால் இரு கைகளும் விடுபட்டு, ஒரு கை மேலோட்டமும் மறுகை கீழோட்டமுமாக இருவேறு நடைகளைப் பின்ன இயல்கின்றது.

6. ஒப்பீடு

இங்கிலாந்தில் 1950-களின் நடுப்பகுதியில் சுகிபில் என்னும் இசைவகை இளைஞரிடையே பரவியது. 1957-இல் லிவர்பூலில் சான் லெனன் நடத்திய குவாரிமென் குழுவிலும் துவைபலகை இடம்பெற்றது. அங்கு இல்லப்பலகையையே எடுத்து, தையற்காரர் விரலில் அணியும் அங்குத்தானை மாட்டி இசைத்தனர். சில ஆண்டுகளில் அவ்வலை ஓய்ந்தது. பலகையும் முழவுத்தொகுதிக்கு இடங்கொடுத்து விலகியது. லூசியானாவிலோ அக்கருவி நிலைபெற்றது. இவ்வேறுபாட்டிற்கு இசைமரபின் வலிமை முதற்காரணமாகலாம். ஆயினும் ஓரிடத்தில் கருவி கடன்வாங்கிய பொருளாகவே நின்றதும், மற்றோரிடத்தில் அது இசைப்பவர் உடலை நோக்கி மீண்டும் படைக்கப்பட்டதும் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

7. பெயர் பற்றிய ஆராய்ச்சி

லூசியானாவில் இக்கருவியைப் பிரொத்துவார் என்பர். தேய்த்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையடியாகப் பிறந்த பெயர் அது. ஆங்கில வழக்கும் தேய்ப்புப் பலகை என்னும் பொருளதே. துவைத்தற்றொழிலில் துணி தேய்க்கப்பட்டதால் அப்பெயர் முன்னர்ப் பொருந்தியது, இசைத்தொழிலுக்குப் பொருந்தவில்லை. பெயர் பழந்தொழிலைக் காட்டுகின்றது. ஒலியின் பிறப்பைக் காட்டவில்லை. நாமும் அதனை மொழிபெயர்த்துத் தேய்கருவி என்போமாயின், உறுமியும் துவைபலகையும் ஓரினம் என்னும் மயக்கம் விளையும். கஞ்சக்கருவியுள் அடக்குவோமாயின் எஃகுத்தகடு ஒருவாறு அடங்கும். சுரையும் எலும்பும் அடங்கா. அராவுகருவி என்பதே பொருளைச் சாராது செயலைச் சார்ந்து இவ்வினம் முழுவதையும் தழுவும் பெயராகும்.

இப்பெயர் அயல்நாட்டுக் கருவிக்கு மட்டும் வேண்டுவதன்று. பொதிகை மலைச்சாரலில் வாழும் காணிக்காரர் தம் சாற்றுப்பாட்டில் கொக்கரை என்னும் கருவியை இசைக்கின்றனர். இரும்புக் குழலின் பல்போல் வெட்டப்பட்ட விளிம்பில் இரும்புக்கம்பியை ஓட்டி அதனை ஒலிப்பர். இஃதும் அராவுகருவியே. நம் எல்லையிலேயே வழங்கும் ஒரு கருவியை எவ்வினத்துட் சேர்ப்பது என அறியாது நிற்பின், குறை கருவியினிடத்து இல்லை, பகுப்பினிடத்தே உள்ளது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. அராவுதல் என்பது தேய்த்தலின் வேறாய், தொடர் அடிகளால் ஆயது. துவைபலகை இசைக்கருவியானது தற்செயலன்று. நெளிவளவு, திசை, பொருள், உடலமைதி ஆகியவற்றை ஒருங்கெண்ணிய வடிவமைப்பின் பயன். இத்தகைய கருவிகட்கு நம் பகுப்பில் இடமும் பெயரும் வகுத்தல் வேண்டும்.

இன்னுமொன்று கூறி அமைவோம். கருவியை இசைத்தவர் பெயர் ஒலித்தட்டுகளில் நிற்கின்றது. செய்தவர் பெயர் பெரும்பாலும் மறைகின்றது. வில்லி லேண்டிரியின் பெயர் எஞ்சியது நற்பேறு. கொக்கரைக்கு முதன்முதற் பல்வெட்டிய கொல்லன் பெயரை நாம் இனி அறிதற்கில்லை. ஆயினும் அவன் கைத்திறன் இன்றும் ஒலிக்கின்றது. கோயிற்கருவிகளை ஆராயும் அக்கறையோடு உழைப்பாளர் கைக்கருவிகளையும் அளந்து, வரைந்து, பெயரிட்டுக் காத்தல் இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்ளத்தக்க கடமையாகும்.