பித்தும் புகையும்

பித்தன் என்னுஞ் சொல்லைத் தமிழர் இரண்டு இடங்களில் வழங்குவர். ஒன்று கோயில், மற்றையது தெரு. திருவெண்ணெய்நல்லூரிலே தம்மைத் தடுத்தாட்கொண்ட இறைவனைச் சுந்தரமூர்த்தி நாயனார் அச்சொல்லாலேயே பாடத் தொடங்கினார் என்பது வரலாறு. அங்கே அது அன்பின் மிகுதி. அதே சொல் தெருவுக்கு வரும்பொழுது, அழுக்கேறிய சாரமும் விரலிடையே புகையும் பீடியுமாகச் சந்தியில் நிற்கும் ஒரு மனிதன்மீது எறியப்படுங் கல்லாகிவிடுகின்றது.

அம்மனிதனைப் பழிப்போர் உளர், இரங்குவோரும் உளர். ஆயினும் அவன் விரலிடையே புகையும் பீடியைப்பற்றி இரு சாராரும் கேட்பதில்லை. “பாவம், அவனுக்கு இருக்கிற சந்தோஷம் அது ஒன்றுதானே” என்று இரங்குவோர் கூறுவர். இந்த இரக்கம் உண்மையான இரக்கந்தானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனுக்கு மருத்துவத்திலே என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். யான் மருத்துவன் அல்லேன். ஆனால், அக்கராயன் போன்ற ஊரிலே எழுத்தறிந்தவன் வீட்டு வாயிலுக்கு வருவன பாடப் புத்தகங்கள் மட்டுமல்ல. வங்கிக் கடிதம் வரும். காணிப் பத்திரம் வரும். ஆங்கிலத்திலே எழுதப்பட்ட கிளினிக் கொப்பியும் வரும். “இதில் என்ன எழுதியிருக்கு ஐயா?” என்று நீட்டும் கைக்கு விடை கூற வேண்டியே இப்பொருளைப் படிக்கத் தொடங்கினேன்.

புகையிலையும் தமிழரும்

சங்க நூல்களிலே புகையிலை இல்லை. அமெரிக்க நாட்டிற் பிறந்த இப்பயிர் ஐரோப்பியர் வாயிலாகவே நம்மிடம் வந்தது. வந்த பின்னரோ அதற்கு நாம் அளித்த மதிப்புச் சிறிதன்று. சீனிச் சர்க்கரைப் புலவர் புகையிலை விடு தூது என்றொரு பிரபந்தமே பாடினார். அதனைத் தேடிப் பதிப்பித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூர்ச் சந்தைக்குச் சென்றது. நம் சுருட்டுக் கொட்டில்களிலே ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றினர். ஆகவே, புகையிலை நமக்கு அயலான் அல்லன். வீட்டு மாப்பிள்ளைபோல் மரியாதை பெற்று இருந்தவன். அவனைக் குறை கூற நாத் தயங்குவது இயல்பே.

ஆயினும் நாடு தயங்கவில்லை. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக உடன்படிக்கையை இலங்கை 2003ஆம் ஆண்டிலேயே ஏற்று உறுதிப்படுத்திற்று. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்க்குப் புகையிலைப் பொருள் விற்றலைத் தடுத்தது. 2015 முதல் சிகரெட் பெட்டியின் பரப்பில் 80 சதவீதத்தை நோயின் படங்கள் மூடலாயின. இவை நற்பயன் தரும் முயற்சிகள். ஆனால், இத்தகைய முயற்சிகளின் பயன் எல்லார்க்கும் ஒப்ப எட்டுவதில்லை. புகைப்போர் தொகை குறைந்து வந்த பல நாடுகளிலே, கடும் உளநோயுற்றோரிடம் மட்டும் அப்பழக்கம் ஏனையோரைக் காட்டிலும் இரு மடங்கு, மும்மடங்கு எனப் பெருகியே நிற்கின்றது.

அமைதியா, அமைதியின் போலியா?

கடும் உளநோய் என்று இங்கே குறிப்பது மனச்சிதைவு, இருமுனை மனநோய் முதலியவற்றை. இவை வன்னியில் 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் நாம் பட்ட துயரத்தால் மட்டும் வந்தவை என்று கருதுதல் பிழை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி, ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் மனச்சிதைவினால் வருந்துகின்றனர். போர் காணாத நாடுகளிலும் அது உண்டு. ஆனால், குளமும் வயலும் வீடும் விட்டு இடம்பெயர்ந்து, உறவைப் பறிகொடுத்து, மீண்டு வந்து குடியமர்ந்த ஊர்களிலே நோயாளியைத் தாங்கும் கைகள் குறைந்துவிட்டன. தாங்குங் கை குறைந்த இடத்திலே பீடி துணையாகின்றது.

நோயாளர் ஏன் மிகுதியாகப் புகைக்கின்றனர்? புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் நிக்கொற்றின் மூளையை அடைகின்றது. ஒரு கணம் மனம் கூர்மையுறுகின்றது, இன்பம் தோன்றுகின்றது. இரண்டொரு மணி நேரத்திற்குள் அதன் அளவு குறைய, படபடப்பும் எரிச்சலும் ஏக்கமும் எழுகின்றன. அடுத்த பீடி அவற்றை அடக்குகின்றது. ஆகவே, பீடி தரும் அமைதி, அந்தப் பீடியே முன்னர் உண்டாக்கிய அமைதியின்மைக்கு மருந்தாதல். கடன் கொடுத்தவனே வட்டிக்குக் கடன் கொடுத்தல் போன்றது. நோயின் பதற்றமும் புகையிலையின் ஏக்கமும் ஒரே முகங்கொண்டு வருதலால், வீட்டார் இரண்டையும் ஒன்றெனவே மயங்குவர்.

இம்மயக்கத்தை வளர்த்தவர்களும் உண்டு. மனச்சிதைவுற்றோர்க்குப் புகையிலை ஒருவகை மருந்து என்னுங் கருத்துக்கு ஊக்கமளித்த ஆராய்ச்சிகளுக்குப் புகையிலைக் கம்பெனிகள் பொருளுதவி செய்தன என்பதை, அக்கம்பெனிகளின் உட்கடிதங்களை ஆராய்ந்தோர் 2008ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். மேனாட்டு மனநோய் விடுதிகள் பலவற்றில், சொற்கேட்ட நோயாளிக்குச் சிகரெட் பரிசாக வழங்கும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது.

உண்மை வேறு. புகைத்தலை விட்டோரையும் விடாதோரையும் ஒப்பிட்ட 26 ஆய்வுகளைத் திரட்டி, 2014ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. விட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன; முன்பே உளநோய் உள்ளவர்களிடமும் அவ்வாறே. இனி, விடாதவழி வருவது யாது? கடும் உளநோயுற்றோர் ஏனையோரிலும் 10 முதல் 20 ஆண்டுகள் முந்தி இறக்கின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. அவர்களுட் பெரும்பாலோரைக் கொல்வது பித்து அன்று. இருதய நோயும் சுவாச நோயும் போன்ற உடல் நோய்களே. அவற்றிலே புகையின் பங்கு பெரிது. “அவனுக்கு இருப்பது அது ஒன்றுதானே” என்று நாம் ஈயும் பீடி, அவனுக்கு இருக்கும் ஆண்டுகளையே எடுத்துக்கொள்கின்றது.

விட முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்திலே மனச்சிதைவும் இருமுனை நோயும் உடைய 526 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வு 2019ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ஒரு பகுதியினர்க்கு வழக்கமான உதவி. மறு பகுதியினர்க்கு அவர்களுக்கென்றே வகுத்த உதவி. உளநோயாளரோடு பழகிய தாதி ஒருவர் வீட்டுக்கே செல்வார், பலமுறை சந்திப்பார். ஒரே நாளில் விட இயலாதவர் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். தவறி மீண்டும் புகைத்தவர் மீண்டுந் தொடங்கலாம். ஆறு மாத முடிவில், தனி உதவி பெற்றோரில் நூற்றுக்கு 14 பேர் விட்டிருந்தனர். ஏனையோரில் 6 பேர். ஓராண்டின் முடிவிலோ அது 15, 10 என்றாகி, வேறுபாடு உறுதி கூற முடியாதவாறு சுருங்கிற்று. இதனால் அறிவது யாது? கடும் உளநோயுற்றவராலும் விட முடியும். ஆனால், கை கொடுப்பவர் இடைவழியிற் கையை விடலாகாது. இம்முறையைத் தெற்காசியக் குடும்பங்களுக்கு ஏற்பத் திருத்திப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிலையத்திலும் பாகிஸ்தானின் இராவல்பிண்டியிலும் முயன்றுள்ளனர்.

மருந்துகளும் உண்டு. நிக்கொற்றினைப் புகையின்றிச் சிறிதளவாகத் தரும் மெல்லுகோந்தும் தோல் ஒட்டியும் 2009ஆம் ஆண்டிலே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. வரனிக்ளின், புப்ரோப்பியன் என்பன 2021ஆம் ஆண்டிலே சேர்ந்தன. இவை உளநோயைக் கிளறிவிடும் என்ற அச்சம் முன்னர் இருந்தது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டிலே வெளியான பெரிய ஆய்வு, அவ்வாறு குறிப்பிடத்தக்க மிகை தோன்றவில்லை எனக் காட்டிற்று. அவருட் பாதிப்பேர் உளநோய் உடையவர். எனினும் எம்மருந்தையும் வைத்தியர் சொற்படியே கொள்ளல் வேண்டும்.

நால்வர் தாங்கும் பாரம்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர். இப்பகுப்பு நம் பொருளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோற் பொருந்துகின்றது.

முதலாமவர் நோயுற்றவர். நாற்பது வயது கடந்த ஒருவர். ஒருகால் என்னிடம் யாப்புப் படித்தவர். தமக்கையாரோடு வாழ்கின்றார். தமக்கையார் காலையில் ஒரு கட்டுப் பீடி வாங்கி எண்ணிக் கொடுப்பார். கொடுக்காத நாளிலே வீட்டிற் சச்சரவு. “விடலாமே தம்பி” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “இதையும் விட்டால் எனக்கெண்டு என்ன ஐயா இருக்கு?” என்றார். வேலை இல்லை, மணம் இல்லை, பெயர் சொல்லி அழைப்பாரும் இல்லை. ஒன்றைக் கொடாமல் ஒன்றைப் பறித்தல் நீதியன்று என்பதை அவ்வினா உணர்த்திற்று. அதன் பின்னர், பிற்பகலிலே என் வீட்டுக்கு வந்து மாணவர் கொப்பிகளுக்குக் கோடிட்டுத் தருவது அவருக்கு வேலையாயிற்று. கோடிடும் இரண்டு மணி நேரமும் பீடி இல்லாத நேரமாயிற்று. பின்னர் ஒரு செத்தவீட்டிலே மீண்டும் புகைத்தார். “சரி, நாளைக்குத் திரும்பத் தொடங்குவம்” என்றார் தமக்கையார். அந்தச் சொல்லுக்கு ஈடான மருந்தை யான் அறியேன். இன்று இருபத்தைந்து பீடி இருந்த இடத்திலே ஐந்து உண்டு.

இரண்டாவதும் மூன்றாவதும் வைத்தியரும் மருந்தும். இங்கே வீட்டார் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. குளோசபின், ஒலன்சபின் என்னும் மருந்துகளை ஈரலிலுள்ள ஒரு நொதியம் கரைத்து வெளியேற்றுகின்றது. புகையிலுள்ள கரிச்சேர்வைகள் அந்நொதியத்தின் வேகத்தைக் கூட்டுகின்றன. ஆதலாற் புகைப்பவர்க்கு வைத்தியர் மருந்தைக் கூடுதலாகக் கொடுத்திருத்தல் கூடும். அவர் திடீரெனப் புகைத்தலை விட்டால், நொதியத்தின் வேகம் சில நாட்களிற் குறைய, அதே குளிசை இரத்தத்தில் மிகுந்து நிற்கும். தூக்கக் கலக்கம், வாயூறல், தள்ளாட்டம் தோன்றும். குளோசபின் மிகுந்தால் வலிப்பும் வரலாம். இது நிக்கொற்றினால் அன்று, புகையால் விளைவது. ஆகவே ஒட்டியோ மெல்லுகோந்தோ பயன்படுத்தினும் இவ்வெச்சரிக்கை வேண்டும். குறைக்க எண்ணும்பொழுதே கிளினிக்கிற் சொல்லல் வேண்டும். மீண்டும் புகைத்தாலும் ஒளியாது சொல்லல் வேண்டும். மருந்தைத் தாமே குறைத்தலும் நிறுத்தலும் ஒருபோதுஞ் செய்யத்தகாதவை. பிளேன்ரீயும் இவ்விதிக்கு உட்பட்டதே. தேயிலையிலுள்ள கஃபீனையும் அந்த நொதியமே கரைத்தலால், புகைத்தலை விட்டவர் முன்போலப் பல கோப்பை தேநீர் குடித்தால் நித்திரை கெடும், படபடக்கும். அதனை நோய் திரும்பிற்று என்று மயங்கலாகாது.

நான்காமவர் அருகிருப்பவர். அவர் செய்யவேண்டியன எளியவை. நோய் கொந்தளிக்குங் காலத்தை விட்டு, அடங்கியிருக்குங் காலத்தைத் தெரிக. அதட்டற்க, பீடியைக் காட்டி வேலை வாங்கற்க, அவர் முன்னிலையிற் புகைத்துக்கொண்டே அறிவுரை கூறற்க. பீடிக்குப் பதிலாகப் புகையிலை சேர்த்த வெற்றிலையைக் கொடுத்தல் ஒரு பள்ளத்திலிருந்து மற்றொரு பள்ளத்தில் இறக்குதலாகும். இந்நாட்டு ஆடவர்க்கு வரும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றே முன்னிற்பது. ஐயமுள்ளோர் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபையின் 1948 என்னுந் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் மாணவர் பைத்தியம் என்று ஒருவரைக் கூவியழைக்கக் கேட்டால், அச்சொல்லை வகுப்பறையிலேயே நிறுத்தி, அவருடைய பெயரைச் சொல்லிக்கொடுப்போம். பெயருள்ளவனுக்கே நாளை உண்டு. நாளை உண்டு என்று நம்புபவனே இன்றைய பீடியை அணைக்க எண்ணுவான். அக்கராயன் குளத்தின் நீர் ஒரு மழையில் நிரம்புவதன்று; பல சிற்றோடைகள் பல நாள் ஓடி வந்து சேர்தல் வேண்டும். உளநோயுற்ற ஒருவர் புகையிலையிலிருந்து மீள்வதும் அத்தகையதே. வைத்தியரிடமிருந்து ஓர் ஓடை, வீட்டிலிருந்து ஓர் ஓடை வரட்டும். பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒன்று வருதல் நம் கடன்.