பேசும் பிழையும் பேசாப் பிழையும்

ஒத்தவற்றை ஒருங்கு சேர்த்தலும் ஒவ்வாதவற்றை வேறு பிரித்தலும் எல்லா அறிவுத் துறைக்கும் முதற்படியாகும். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பிய மரபியலை ஓதிய நம் மாணவர்க்கு இஃது புதிதன்று. இன்று இத்தொழிலைக் கணனியும் செய்கின்றது. நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் என்னும் இருவர் தொடக்கிய ‘ஆர்’ என்ற புள்ளிவிபர மொழியிலே படிநிலைத் தொகுத்தல் எனும் முறை உண்டு. அதனைக் கையாளுவோர் இடர்ப்படும் இடங்கள் சிலவற்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

முறை எளிது. தொடக்கத்தில் ஒவ்வொரு பொருளும் தனித்து நிற்கும். மிக அண்மையிலுள்ள இரண்டு முதலில் இணையும். பின்னர் ஏனையவும் படிப்படியாகச் சேர்ந்து ஈற்றில் ஒரே தொகுதியாகும். இவ்விணைப்புகளைக் கணனி கிளைகளையுடைய மரமாக வரைந்து காட்டும். ‘டிஸ்ட்’ என்னும் சார்பு பொருள்களுக்கிடையிலான தூரங்களைக் கணிக்கும். ‘எச்கிளஸ்ட்’ என்னும் சார்பு அத்தூரங்களைக் கொண்டு மரத்தை ஆக்கும்.

இதில் நேரும் பிழைகள் இருவகைப்படும். வேலையை நிறுத்திச் செய்தி தருவது பேசும் பிழை. தூரங்களைக் கொடுக்க வேண்டிய இடத்தில் மூல அட்டவணையையே கொடுத்தால் எச்கிளஸ்ட் ஏற்க மறுக்கும். முதலில் டிஸ்ட்டைக் கொண்டு தூரங்களைக் கணித்தல் வேண்டும். நிரைகள் 65,536 இற்கு மேற்படினும் அது மறுக்கும். காரணம் வெளிப்படை. 50 நிரைகளுக்கு 1,225 தூரங்களே உள. 100,000 நிரைகளுக்கோ ஏறத்தாழ 500 கோடி தூரங்கள் வேண்டும். இத்தகைய பிழைகள் நமக்கு நண்பர்களே. தம்மைத் தாமே காட்டிக் கொடுக்கின்றன.

அஞ்சத்தக்கது பேசாப் பிழை. ஆர் மொழியுடன் வரும் ஒரு தரவுத் தொகுதி, அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 1973இல் நிகழ்ந்த கைதுகளைப் பற்றியது. கொலை, தாக்குதல், வன்புணர்ச்சி ஆகியவற்றுக்கான கைதுகள் 100,000 பேருக்கு எத்தனை என்பதும், நகர்வாழ் மக்களின் நூற்றுவீதமும் அதில் உள. கொலை எண் 0.8 முதல் 17.4 வரை செல்ல, தாக்குதல் எண் 45 முதல் 337 வரை விரிகின்றது. எனவே தூரத்தைப் பெரும்பாலும் தாக்குதல் எண்ணே தீர்மானிக்கின்றது. புளோரிடாவின் எண் 335. வட கரோலினாவின் எண் 337. அதனால் அவ்விரண்டும் ஒரு கிளையில் இணைகின்றன. ஆனால் முன்னையதில் நகர்வாழ்வோர் நூற்றுக்கு 80; பின்னையதில் 45 மட்டுமே!

‘ஸ்கேல்’ என்னும் சார்பு ஒவ்வொரு நிரலிலும் இடையைக் கழித்து நியம விலகலால் வகுக்கும். அவ்வாறு செய்தபின் அதே முறையால் மரத்தை ஆக்கி மூன்று தொகுதிகளாக வெட்டினால், புளோரிடா கலிபோர்னியாவுடனும் வட கரோலினா மிசிசிப்பியுடனும் சேர்கின்றன. முன்னைய மரத்தை வரைந்தபோது கணனி எச்சரிக்கை எதுவும் தரவில்லை என்பதை நோக்குக. எனினும், எல்லா அளவைகளும் ஒரே அலகினவாயின் ஸ்கேல் வேண்டாதிருத்தலுங் கூடும். அதனைத் துணிய வேண்டியவர் ஆராய்ச்சியாளரே.

மற்றொன்றுஞ் சொல்லுவாம். வோட் என்பார் 1963இல் வெளியிட்ட முறை ஆர் மொழியில் இரு பெயர்களுடன் உளது. 2014இல் வந்த 3.1.0 ஆம் பதிப்பில், பழைய கணிப்பு ‘வோட்.டீ’ எனப் பெயர் மாறிற்று, ‘வோட்.டீ2’ புதிதாகச் சேர்க்கப்பட்டது. பின்னையதே தூரங்களைத் தானே வர்க்கித்து வோட்டின் விதியை நிறைவேற்றும். முன்னையதற்கு நாமே வர்க்கித்துக் கொடுத்தல் வேண்டும். இதனை மறந்தாலும் மரம் வரும், செய்தி வராது.

இன்னும் நுணுகி நோக்கின், மனம் போனபடி எழுதிய எண்களைக் கொடுத்தாலும் கணனி மரம் வரையவே செய்யும். தொகுதிகள் உண்மையில் உளவோ என அது வினவுவதில்லை. ஆதலின் சில நிரைகளை நீக்கியும், இணைக்கும் முறையை மாற்றியும் மீண்டும் தொகுத்துப் பார்த்தல் நன்று. அப்போதும் நிலைத்து நிற்குந் தொகுதிகளையே ஓரளவு நம்பலாம்.

நம் மாணவரிற் பலர் நாளை மருத்துவத்திலும் வேளாண்மையிலும் பொருளியலிலும் இம்முறையைக் கையாளுவர். அவர்கள் வரையும் மரத்தை நம்பிப் பிறர் முடிவு செய்வர். ஆகவே, கணனி மௌனமாயிருப்பதை அதன் உடன்பாடாகக் கொள்ளாது, அலகு, தூரம், முறை ஆகிய மூன்றையும் தாமே வினவித் தெளிதல் அவர்தம் கடனாகும்.