பெயரின் நடுவே ஒரு தந்தை

ரஷ்ய நாவல்களை ஆர்வத்துடன் தொடங்கி, பாத்திரங்களின் பெயர்களில் குழம்பி, பாதியில் மூடிவைத்தவர்கள் பலரை நான் அறிவேன். ஒரே மனிதர் ஓரிடத்தில் திமித்ரி, வேறோரிடத்தில் திமித்ரி ஃபியோதரோவிச், இன்னோரிடத்தில் மீத்யா. அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் உள்ள உறவையே இந்த வேறுபாடு உணர்த்துகிறது.

ரஷ்யரின் பெயரில் மூன்று உறுப்புகள் உண்டு: இயற்பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர். தந்தை நிக்கலாய் என்றால் மகன் நிக்கலாயெவிச், மகள் நிக்கலாயெவ்னா. டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ நாவலில் அன்னா அர்க்காதியெவ்னாவுக்கும் ஸ்தெபான் அர்க்காதியெவிச்சுக்கும் குடும்பப் பெயர்கள் வேறு. அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதை நடுப்பெயரே சொல்லிவிடுகிறது. ஆசிரியரையும் மேலதிகாரியையும் இயற்பெயருடன் தந்தைவழிப் பெயரைச் சேர்த்து அழைப்பதே மரியாதை. மீத்யா போன்ற சுருக்கப் பெயர் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் உரியது.

இம்மரியாதை என்றும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டில் அரசு ஆவணங்களில் ‘விச்’ என்னும் ஈற்றுடன் குறிக்கப்படும் பெருமை உயர்பதவியினருக்கே உரியதாக இருந்தது. 1861-இல் விடுதலை பெறும்வரை பண்ணையடிமைகள் பலருக்கு முறையான குடும்பப் பெயரே இல்லை.

தந்தை ஏற்க மறுத்த குழந்தையின் நிலை என்ன? தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் ஸ்மெர்தியாக்கோவின் பெயரோடு ஃபியோதரோவிச் என்பதை ஊராரே சேர்த்துவிடுகிறார்கள். ஃபியோதர் அதைத் தடுக்கவில்லை. தாம் தந்தை என்பதை மட்டும் மறுக்கிறார்.

கதைக்கு வெளியிலும் இது நிகழ்ந்தது. மணமாகாத தாய், குழந்தையின் தந்தை இன்னார் என்று நிறுவி ஜீவனாம்சம் கோரும் உரிமையை 1944-ஆம் ஆண்டின் சோவியத் ஆணை பறித்தது. பிறப்புச் சான்றிதழில் தந்தைக்குரிய இடத்தில் வெறும் கோடு இடப்பட்டது. ஆயினும் தந்தைவழிப் பெயர் இல்லாமல் குழந்தையைப் பதிவுசெய்யவில்லை; தாய் குறிப்பிடும் ஓர் ஆண்பெயரிலிருந்து அது உருவாக்கப்பட்டது. 1968-இல் வந்த குடும்பச் சட்டமே இந்நிலையை மாற்றத் தொடங்கியது.

தந்தை இல்லாத இடத்திலும் தந்தைக்கு ஒரு பெயரைத் தேடிய அம்முறை, அருகில் நின்ற தாயின் பெயருக்கு நடுவில் இடம் தரவில்லை. மரியாதைக்குரிய வழக்கம் கட்டாயமாகும்போது சிலருக்கு அது தண்டனையாகிவிடுகிறது என்றே நான் கருதுகிறேன். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகத் தாங்கி, இப்போது தாயின் எழுத்தையும் சேர்க்கத் தொடங்கியுள்ள நமக்கு இது எளிதில் விளங்கும்.