மணியோசையில் எழுந்த திருப்பாடுகள்

சங்கீதத்தில் எனக்கு இருப்பது கேள்வி ஞானம் மட்டுமே. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே ஒரு பாட்டு மனத்தைத் தொட்டால், அது எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். அப்படி என்னைப் பிடித்துக்கொண்ட ஒன்று, எஸ்டோனியா நாட்டு ஆர்வோ பேர்ட் 1982-இல் முடித்த 'பாஸியோ'. யோவான் நற்செய்தி கூறும் இயேசுவின் திருப்பாடுகளை லத்தீனில் பாடும் சேர்ந்திசை. ஏறத்தாழ 70 நிமிடம்.

பேர்ட் 1935-இல் பிறந்தவர். இளமையில் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை. நாடு அப்போது சோவியத் ஆட்சியில் இருந்தது. 1968-இல் கிறிஸ்துவின் மீதுள்ள நம்பிக்கையை வெளிப்படையாக அறிக்கையிடும் 'கிரேதோ'வை அரங்கேற்றினார். அதிகாரிகள் அதை முடக்கினார்கள். தாம் அதுவரை கையாண்ட நவீன உத்திகளும் அவருக்கே அலுத்துவிட்டன. அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் எழுதியது மிகக் குறைவு. அந்த நாட்களில் மடாலயங்களின் கிரிகோரியன் கீதத்தையும், பாரிஸின் நோத்ருதாம் கோயிலில் வளர்ந்த பழைய பலகுரல் இசையையும் மாணவனைப் போல் உட்கார்ந்து படித்தார்.

1976-இல் வழி கிடைத்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'டின்டினாபுலி'. சிறு மணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முறை எளிது. ஒரு குரல் படிப்படியாக அடுத்தடுத்த ஸ்வரங்களில் நடக்கும். கூடவே வரும் இன்னொரு குரல் ஸ, க, ப போன்ற மூன்றே ஸ்வரங்களுக்குள் நிற்கும். முதல் குரலுக்கு அருகில் அவற்றில் எது உண்டோ அதைத் தொடும். நம் தம்பூரா நினைவுக்கு வரலாம். ஆனால் தம்பூரா இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தக் குரல் பாட்டோடு கூடவே நடந்து வரும்.

'பாஸியோ'வில் விதி இன்னும் கண்டிப்பானது. சொல்லில் எத்தனை அசையோ அத்தனை ஸ்வரம். நிறுத்தற்குறிகளுக்கு ஏற்ப நீட்டலும் மௌனமும். அழ வைப்பதற்கென்று ஒரு கமகம்கூடக் கிடையாது.

திருப்பாடுகளைப் பாத்திரங்களாகப் பிரித்துப் பாடுவது ஐரோப்பாவின் இடைக்கால வழக்கம். பெரிய வெள்ளியன்று நம் ஊர்க் கோயில்களிலும் பலர் பிரித்து வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். பேர்ட் அதையே பின்பற்றுகிறார். இயேசு அடித்தொண்டைக் குரலில், மிக மெதுவாக. பிலாத்துவுக்கு உச்சஸ்தாயி ஆண்குரல். கதை சொல்ல நான்கு பேர். கூட்டத்தின் கூச்சலுக்குச் சேர்ந்திசைக் குழு. பக்கத்தில் வயலின், ஓபோ, செல்லோ, பஸூன், ஆர்கன்.

விதிக்குள் அடங்கினால் உயிர் போய்விடும் என்பார்கள். நாங்கள் சிக்னலில் கண்டது வேறு. ஒரு பிளாக்கில் ஒரே வண்டிதான் என்ற விதி இருப்பதால்தான், வண்டியில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். இங்கும் அப்படித்தான். இசையமைப்பாளரின் உணர்ச்சி குறுக்கே வராததால், சொல் நேராக நம்மை வந்து அடைகிறது.

1980-இல் பேர்ட் குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறி, வியன்னாவுக்கும் பிறகு பெர்லினுக்கும் போனார். 'பாஸியோ' நிறைவடைந்தது அந்த அந்நிய மண்ணில்தான். ஊரை விட்டவர் கையில் இருந்தது, யாரும் பறிக்க முடியாத அந்தப் பழைய பாடம்.

ஹில்லியர்ட் குழுவினர் பாடிய ஒலிப்பதிவு இருக்கிறது. முதல் பத்து நிமிடம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், எழுந்துவிடாதீர்கள். இயேசு உயிர் விட்டபின், ஆதார ஸ்ருதியே மாறி, மெல்லத் தொடங்கும் கடைசி வேண்டுதல் பெருகிப் பெருகி 'ஆமென்' என்று நிறையும். அத்தனை நேரம் பொறுமையாக இருந்தவர்களுக்கே அதன் வெளிச்சம் முழுதாகத் தெரியும்.