இண்டஸ் கிரீட்

இண்டஸ் கிரீட் என்பது மும்பையைச் சேர்ந்த ராக் இசைக்குழு ஆகும். இது 1984 இல் ராக் மெஷின் என்ற பெயரில் தொடங்கப்பட்டது.

வரலாறு

தொடக்கத்தில் இக்குழுவினர் மேற்கத்திய ஹார்ட் ராக் பாடல்களையே மேடைகளில் இசைத்தனர். பின்னர் சொந்தமாக ஆங்கிலப் பாடல்களை இயற்றி, 1988 இல் ராக் அண்ட் ரோல் ரெனிகேட், 1990 இல் த செகண்ட் கமிங் ஆகிய இசைத்தொகுப்புகளை வெளியிட்டனர். 1993 இல் குழுவின் பெயர் மாற்றப்பட்டது. புதிய பெயரிலேயே அமைந்த 1995 ஆம் ஆண்டுத் தொகுப்பில் இந்திய இசைக்கூறுகளும் இடம்பெற்றன.

பிரிவும் இணைவும்

இசைத் தொலைக்காட்சிகள் இந்திப் பாடல்களுக்கு மாறியதால் ஆங்கில ராக் இசைக்கான வாய்ப்புகள் சுருங்கின. 1997 இல் குழு கலைந்தது. பாடகர் உதய் பெனகல், கித்தார் கலைஞர் ஜயேஷ் காந்தி ஆகியோர் நியூயார்க்கில் ஆம்ஸ் ஃபார் சாந்தி என்ற குழுவை அமைத்தனர். 2010 இல் உதய் பெனகல், மகேஷ் தினைகர் உள்ளிட்டோர் இண்டஸ் கிரீட்டை மீண்டும் தொடங்கினர். முந்தைய தொகுப்பு வெளியாகி 17 ஆண்டுகளுக்குப் பின், 2012 இல் இவால்வ் வெளிவந்தது.